பழைய பேனா

நம்மிடம் 41 பழைய ஊற்றுப்பேனாக்கள் இருக்கின்றன. பவுண்டன் பேனா என்று நம் ஜனங்கள் சொல்லி வந்தது இதைத்தான். அவற்றுள் ஒன்றுகூட நாம் கடையில் புதிதாக வாங்கியதன்று. எல்லாம் பிறர் எழுதித் தேய்த்தவை; பிறகு எழுதாமல் போட்டவை; கடைசியில் குப்பையோடு குப்பையாக ஒதுக்கிவிட்டவை. அவற்றைத் தேடி வாங்குவதும், பிரித்துக் கழுவுவதும், இற்றுப்போன பாகத்தை மாற்றி மறுபடியும் எழுத வைப்பதுமே 25 வருஷங்களுக்கு மேலாக நமது ஓய்வுநேர வேலையாக இருந்து வருகிறது.

இதைக் கண்டு சிரிக்கும் சிநேகிதர்கள் உண்டு. கைத்தொலைபேசியில் விரலால் தட்டிய மாத்திரத்தில் சேதி கடல் கடந்து போகிற காலத்தில், சட்டைப் பையில் மை ஒழுகுகிற சாமானைக் கட்டிக்கொண்டு மாரடிப்பானேன் என்று அவர்கள் கேட்கின்றனர். வேறு சிலர், "இது என்ன விலை போகும்?" என்று கேட்கின்றனர். இவ்விரு சாராருக்கும் நாம் விடை சொல்வதில்லை. ஆனால் இன்னொரு சாரார் இருக்கின்றனர். "பழையன என்பதற்காகவே ஒன்றைப் போற்றலாகாது என்று ஊருக்குச் சொல்லுகிற நீரே, பழையதைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு போற்றுகிறீரே, இது என்ன நியாயம்?" என்பது அவர்கள் கேள்வி. இது நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் பேனாவைப் பற்றிச் சில சொற்கள். தொட்டெழுதும் கட்டைப்பேனாவுக்கு மைக்கூடு வேண்டும். இரண்டு வரிக்கு ஒரு தடவை முக்க வேண்டும். மையைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, வேண்டுமளவுக்கு மட்டும் வெளியே விடும் பேனாவைச் செய்யப் பலர் நெடுங்காலம் முயன்றனர். மை இறங்க வேண்டுமானால், இறங்கிய மையின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே ஏற வேண்டும். காற்று ஏறாவிட்டால் மை நின்றுவிடும். மிகுதியாக ஏறினால் மை கொட்டிவிடும். நிப்பின் அடியில் நாக்குப்போல ஒரு துண்டை வைத்து, அதில் நுண்ணிய பிளவுகள் அறுத்து, மை இறங்கவும் காற்று ஏறவும் ஒருசேர வழி செய்தவர் அமெரிக்காவின் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன். 1884-ம் வருஷத்தில் அவர் அதற்குப் பேட்டண்ட் உரிமை பெற்றார். ஒப்பந்தப் பத்திரத்தில் மை கொட்டிப்போனதால் அவர் ஒரு பெரிய வியாபாரத்தை இழந்தார் என்றும், அந்தக் கோபத்தினாலேயே இப்பேனாவைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஆராய்ந்தவர் பலர் அதை விளம்பரக் கதை என்றே தள்ளிவிட்டனர். பேனாவுக்குக்கூடத் தல புராணம் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

நிற்க, பேனாவின் உடலுக்கு வருவோம். பழைய பேனாக்களின் உடலும், மூடியும், மேற்சொன்ன நாக்கும் எபோனைட் என்னும் கறுத்த பொருளால் ஆனவை. பார்ப்பவர் அதைக் கொம்பு என்பர், மரம் என்பர். உண்மையில் அது ரப்பர். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படுகிறது என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839-ம் வருஷத்தில் கண்டார். கந்தகத்தை அதிகமாகச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால், அந்த ரப்பரே கருங்காலிக் கட்டைபோல் கறுத்து இறுகிவிடுகிறது. கருங்காலிக்குரிய ஆங்கிலப் பெயரிலிருந்தே எபோனைட் என்னும் பெயரும் வந்தது. மையிலுள்ள அமிலம் இரும்பை அரிக்கும். எபோனைட்டை ஒன்றும் செய்யாது. 1908-ம் வருஷத்தில் வால்டர் ஷேபர் என்பவர், பேனாவின் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோலை வைத்து மை நிரப்பும் முறைக்குப் பேட்டண்ட் பெற்றார். அம்முறையில் பேனாவின் உள்ளே ஒரு பை இருக்கும். நெம்புகோலைத் தூக்கினால் பை நசுங்கும். விட்டால் விரிந்து மையை உறிஞ்சும். அந்தப் பையும் ரப்பரே.

தோட்டத்தில் பிறந்த நேயர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டுகிறோம். 1877-ம் வருஷத்தில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் அதிகாரி ரிட்லி என்பார் பரப்பினார். 1914-ம் வருஷத்தில் தோட்டத்து ரப்பர், பிரேசில், ஆப்பிரிக்கா முதலிய தேசங்களின் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. அந்தப் பாலை வெட்டிய கைகள் பெரும்பாலும் நம்மவர் கைகள். இருட்டில் பெரட்டுக்கு நின்று, விடியுமுன் மரத்தடிக்குப் போய், மங்கு மங்காகச் சேர்த்த பால், கப்பலேறிப் போய், பேனாவாகித் திரும்பி வந்தது. வந்த பேனா யார் சட்டைப் பையில் ஏறியது? துரையின் பையிலும் கிராணியார் பையிலும் ஏறியது. பால் கொடுத்தவனுக்கு ஆண்டு முழுவதும் மையோடிருந்த உறவு ஒன்றே. சம்பள நாளில் கட்டைவிரலில் தடவிக்கொண்ட மைதான் அது.

நமது தந்தையார் அப்படிக் கைநாட்டு வைத்தவர்களில் ஒருவர். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். யுத்தம் முடிந்தபின், 1947-ம் வருஷத்தில், அத்தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் இரவு வேளையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலானார். தந்தையாருக்கு அப்பொழுது வயது 28. பகலெல்லாம் கத்தி பிடித்த கை, மண்ணெண்ணெய் விளக்கின் முன் பலகைக் குச்சியைப் பிடித்து 'அ' எழுதக் கற்றது. அடுத்த வருஷத்தில் அவசரகாலச் சட்டம் வந்தது, ஊரடங்கு வந்தது, இரவுப் பள்ளி நின்றது. அதற்குள் அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தம் பெயரை எழுதவும் கற்றுக்கொண்டுவிட்டார். மிச்சத்தைத் தாமே கற்றார்.

1949-ம் வருஷத்தில் ஈப்போவுக்குப் போனவர், பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஒரு பேனா வாங்கி வந்தார். ஸ்வான் என்னும் ஆங்கில நாட்டுப் பேனா, கறுப்பு எபோனைட், உடலெங்கும் அலைக்கோடுகள், பக்கத்தில் நெம்புகோல், 14 காரட் பொன் நிப்பு. மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை அதற்குக் கொடுத்துவிட்டார் என்று அம்மா அந்திம காலம் வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயினும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அடுத்து வந்த சம்பள நாளில் நடந்ததை அவர் சொல்லும்பொழுது கேட்க வேண்டும்.

வரிசையில் தந்தையார் முறை வந்தது. கிராணியார் வழக்கம்போல் மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். தந்தையார் அதைத் தொடவில்லை. "கையெழுத்துப் போடுறேங்க ஐயா" என்றார். கிராணியார் நிமிர்ந்து பார்த்தார். தந்தையார் சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று முணுமுணுக்கிற அளவுக்கு மெதுவாக எழுதினாராம். அடுத்த மாதம் அப்படி முணுமுணுத்தவர்களில் இருவர், தங்கள் பெயரை எழுதக் கற்றுக் கொடுக்கும்படி நம் வீட்டு வாசலில் வந்து நின்றனராம்.

நாம் நினைவறிந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பகலில் லயத்துச் சனங்கள் கடிதம் எழுத வருவர். தந்தையார் பெட்டியின் மேல் நீலநிற விமானக் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவார். தாமாக ஒரு சொல்லும் சேர்க்கமாட்டார். ஒரு தடவை காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த ஒரு முதிய மாது, "நான் நல்ல சொகமா இருக்கேன்னு எழுது தம்பி" என்றார். தந்தையார் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சலை எழுத வேணாமா அத்தை?" என்று கேட்டார். "வேணாம்யா. அங்க உக்காந்து அழுவாங்க. அழுதா வந்து பாக்கவா முடியும்?" என்றார் அம்மாது. தந்தையார் சற்று நேரம் எழுதவில்லை. அதற்குள் நிப்பில் மை உலர்ந்துவிட்டது. அதை ஒரு துணியில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, அவர் சொன்னபடியே எழுதினார்.

இனி நமது குற்றத்தைச் சொல்ல வேண்டும். தந்தையாரின் வலக்கை ஆட்காட்டி விரலில் பால்வெட்டும் கத்தி ஆழமாகப் பாய்ந்த பழைய காயம் ஒன்று உண்டு. அவ்விரல் முழுதும் மடங்காது. ஆகவே அவர் பேனாவைப் பிறரைப்போல் பிடிக்காமல், ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகிப் பிடித்து எழுதுவார். நாம் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். 1964-ம் வருஷத்தில் ஒரு நாள், மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட அவர் பள்ளிக்கு வந்தார். அவர் பேனா பிடித்த விதத்தைக் கண்டு இரண்டு பையன்கள் சிரித்தனர். நமக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த தவணையில் அந்த அட்டையை அவரிடம் காட்டாமல், பட்டணத்திலிருந்த மாமனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். தந்தையார் அதைப் பின்னர்க் கண்டார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார், மதிப்பெண்களைப் படித்தார், "நல்லா வாங்கியிருக்கே" என்று மட்டும் சொல்லித் திரும்பக் கொடுத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் நாம் என்றோ மறந்திருப்போம்.

அவர் 1984-ம் வருஷத்தில் காலமானார். அதற்கு முன்பே பால்பாயிண்ட் பேனா வந்து, ஸ்வான் பேனா பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது. 1996-ம் வருஷத்தில் வீடு மாறும்பொழுது அதைத் திறந்தோம். நெம்புகோல் அசையவில்லை. உள்ளேயிருந்த ரப்பர்ப் பை கரித்துண்டுபோல் இறுகி நொறுங்கியிருந்தது. மை கல்லாகியிருந்தது. உடனே எழுத வைத்துவிட வேண்டும் என்னும் ஆவலில், யாரையும் கேட்காமல், கொதிநீரில் சவுக்காரத்தைக் கரைத்துப் பேனாவை ஓரிரவு முழுவதும் ஊற வைத்தோம். காலையில் எடுத்துப் பார்த்தால், அந்தோ! கருங்காலிபோல் இருந்த பேனா, பாசி பிடித்த பழுப்பு நிறமாக மாறிக் கிடந்தது. எபோனைட்டில் உள்ள கந்தகம் பல வருஷ வெளிச்சத்தால் மேற்பரப்பில் மாறுதலடைந்திருக்கும். நீரும் சூடும் பட்டால் நிறம் வெளுத்துவிடும். இதைப் பின்னரே அறிந்தோம். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா கையில கறுப்பா இருந்துச்சு" என்று சொல்லித் திரும்பக் கொடுத்தார்.

அன்று முதல் அப்பேனாவை நாம் தொடவில்லை. தொடும் தகுதியைச் சம்பாதித்துக்கொண்ட பிறகே தொடுவது என்று முடிவு செய்தோம். நாம் சேகரிக்கத் தொடங்கியது இதனாலேயாம். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலும், 2017-ம் வருஷத்தில் மூடப்பட்ட சிங்கப்பூர்ச் சுங்கை ரோடு சந்தையிலும் உடைந்த பேனாக்களாகப் பார்த்து வாங்கினோம். அவற்றின்மேல் தவறு செய்து பழகினோம். நல்ல பேனாவைத் தொடுமுன் கெட்ட பேனாக்களில் பழகுவதே இத்தொழிலின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் பொறுமை. பேனாவின் கழுத்தை உடலிலிருந்து பிரிக்க, தலைமயிர் உலர்த்தும் கருவியின் காற்றால் இளஞ்சூடாக்கி, மெல்லத் திருகிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் நாளைக்குப் பார்க்க வேண்டும். பலவந்தம் செய்தால் உடலின் வாய் விரிந்து பிளந்துவிடும். 1924-ம் வருஷம் முதல் பெருவழக்குக்கு வந்த செல்லுலாயிட் பேனாக்களுக்கு எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். அப்பொருளில் கற்பூரம் கலந்திருக்கிறது, தீப்பட்டால் பற்றிக்கொள்ளும். பிரித்தபின் பழைய பையைச் சுரண்டி எடுத்து, நிப்பையும் நாக்கையும் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். புதிய பைக்கு அளவு உண்டு. 16-ம் எண் என்றால் 16/64 அங்குலம், அதாவது கால் அங்குல விட்டம். பையை நீளத்துக்கு வெட்டி, அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிக் கழுத்தில் ஒட்டி, ஓரிரவு உலர விட்டு, மாக்கல் தூளைத் தடவி உள்ளே செலுத்த வேண்டும். பசையாக ஏன் அரக்கு என்றால், பிற்காலத்தில் வேறொருவர் இதைப் பிரிக்க நேர்ந்தால் இளஞ்சூட்டிலேயே விட்டுக்கொடுக்கும் என்பதற்காக. நமக்குப்பின் வருகிறவன் கையையும் நினைத்துச் செய்வதே நல்ல வேலை.

12 வருஷங்களுக்குப் பின், 2008-ம் வருஷத்தில், தந்தையார் பேனாவை எடுத்தோம். அதன் பழுப்பு நிறத்தை மாற்றவில்லை. மெருகிட்டால் கறுப்பு வரும். ஆனால் அலைக்கோடுகள் அழிந்துபோகும். சாயம் பூசினால் அது பொய்யாகும். நமது தவறு நமது தவறாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பை மாற்றினோம், நெம்புகோல் அசைந்தது, மை ஏறியது. ஆனால் எழுதியபொழுது நிப்பு காகிதத்தைக் கீறிற்று. நிப்பு வேலையில் தேர்ந்த சிநேகிதர் ஒருவரிடம் காட்டினோம். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்து, "முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் தேய்த்துச் சமமாக்கிவிடலாம். புதுப் பேனாபோல் எழுதும்" என்றார். பொன் நிப்பின் நுனியில் இரிடியம் போன்ற கடின உலோகத்தின் சிறு மணி பதித்திருக்கும். அதுவும் பல வருஷம் காகிதத்தில் உராய்ந்தால், எழுதுகிறவன் பிடிக்கும் சாய்வுக்கு ஏற்பத் தேய்ந்துவிடும். சரி, நாளை கொண்டுவருகிறோம் என்று சொல்லி வந்தோம்.

அன்றிரவு அதே பேனாவை மறுபடி எடுத்தோம். ஏதோ ஞாபகத்தில் அதை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செருகிப் பிடித்தோம். சற்றே இடப்பக்கம் சாய்த்து எழுதினோம். கீறல் நின்றது. எண்ணெயிட்ட கதவுபோல நிப்பு காகிதத்தின்மேல் ஓடிற்று. எந்தப் பிடியைப் பார்த்து நாம் வெட்கப்பட்டோமோ, அந்தப் பிடியில் மட்டுமே அது எழுதியது. அவர் எழுதிய ஊரார் கடிதங்கள் எல்லாம், சம்பள நாட்களில் இட்ட கையெழுத்துகள் எல்லாம், அந்த மணியில் ஒரு சிறு சாய்வாக நின்றன. அந்தச் சாய்வைத்தான் ஐந்து நிமிஷத்தில் அழித்துவிட இருந்தோம். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அந்த மதிப்பெண் அட்டையில் இருந்திருக்க வேண்டிய பெயரை, அவர் பிடித்தபடியே பிடித்து, ஒரு காகிதத்தில் எழுதினோம். மறுநாள் சிநேகிதரிடம் போகவில்லை.

இப்பொழுது கேள்விக்கு விடை சொல்லலாம். பழையது என்பதற்காக ஒன்றைப் போற்றுவது தவறு என்பதில் நமக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் பழையது என்பதற்காகவே ஒன்றை எறிவதும் அதே தவறுதான். இரண்டிலும் யோசனை இல்லை. எது யாருடைய உழைப்பால் வந்தது, யாரை நிமிர்ந்து நிற்கச் செய்தது என்று விசாரித்தபின் வைப்பதோ எறிவதோ அறிவுக்குப் பொருத்தம். மேலும், பழுது பார்ப்பது வேறு; புதிதாக்குவது வேறு. எழுத முடியாத பேனாவை எழுத வைப்பது பழுது பார்த்தல். எழுதியவன் சுவட்டைத் துடைத்துப் பளபளக்கச் செய்வது மற்றது. நாம் முன்னதைச் செய்கிறோம்.

நமது தோட்டத்து ரப்பர் மரங்கள் இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. லயங்களை இடித்துவிட்டனர். அந்தப் பாலில் நம் கைக்கு எஞ்சியது இந்தப் பேனாக்களும் இவற்றைப் போன்றனவுமே. ஆகவே நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கலாம். அதில் ஒரு பழைய பேனா இருந்தால், பொன்னுக்காக நிப்பைக் கழற்றி விற்றுவிடாதீர்கள். அதிலிருப்பது மிகச் சிறிதளவு பொன். கொதிநீரில் போடாதீர்கள், அதன் பலனை மேலே கண்டீர்கள். நெம்புகோலைப் பலவந்தமாக இழுக்காதீர்கள். அது யாருடையது, அவர் எப்படிப் பிடித்தார் என்று வீட்டிலுள்ள முதியவரிடம் இன்றே கேளுங்கள். நமக்கு அதைச் சொல்ல அம்மா இருந்தார், எல்லோருக்கும் இருப்பதில்லை.

இக்கட்டுரையை அந்தப் பழுப்புப் பேனாவினாலேயே எழுதினோம். இடையில் இரண்டு தடவை மை நிரப்பினோம். விரல் சற்று வலிக்கிறது. அந்தப் பிடி நமக்கு இன்னும் முழுதும் பழகவில்லை.